சுவிஸ் சென்னியப்பனின் கிணற்றுப் படுதா

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடிப்பது சுலபமான வேலை அல்ல. உடம்பு விறைப்பதற்கு முன் உட்காரவைத்துவிட வேண்டும். இடுப்பை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டி, கட்டு தெரியாமல் சால்வை போர்த்த வேண்டும். தலை மட்டும் நிற்காது. அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவை. அவர் படத்தில் தெரியவும் கூடாது. அதற்குத்தான் படுதா. பிடிக்கிறவர் படுதாவுக்குப் பின்னால் நின்று, துணியோடு சேர்த்துத் தலையை ஏந்திக்கொள்வார். படத்தில் இறந்தவர் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் அப்போது இதுதான் வழக்கம். பலர் உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொண்டதில்லை. மூச்சு நின்றதும் ஒரு ஆள் உறவுக்குச் சொல்லப் போவான்; இன்னொரு ஆள் கடைவீதியில் அப்பாஸ் ஸ்டூடியோவுக்குப் போவான். அப்பாஸ் சைக்கிளில் காமிராப் பெட்டியோடும் சுருட்டிய படுதாவோடும் வருவார். சாவு வீட்டுக்கென்று அவரிடம் தனிப் படுதா ஒன்று இருந்தது. அதை வேறு எதற்கும் விரிக்கமாட்டார்.

1978 ஆனி மாதம் ஒரு காலையில் அவர் அந்தப் படுதாவைக் கொண்டுவந்து இறக்கிய வீடு, அதை வரைந்தவருடைய வீடு.

கமலாத்தாள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். இடுக்கி மலையில் ஒரு அணைக்கட்டு அலுவலகத்தில் அவள் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணுக்கும் அந்த வேலையின் பெயர் அதுதான். அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி கிடைத்ததும் கிளம்பி, போடிமெட்டு இறங்கி, போடியிலும் பழனியிலும் பொள்ளாச்சியிலும் பஸ் மாறி வந்தாள். வருவதற்குள், அன்று விடியலில், அப்பா சென்னியப்பன் போய்விட்டிருந்தார். நெஞ்சுவலி என்றார்கள். அவள் அழவில்லை. அப்பாவின் கையை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. எந்த போர்டை எழுதிக்கொண்டிருந்தாரோ.

முற்றத்தில் பெரியப்பா நஞ்சப்பன் எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார்.

“மசமசன்னு நிக்காம கட்டுங்கப்பா. வெயிலேறுதில்ல. அப்பாஸு, ஆணி அடிக்கட்டுமா, கவுத்துல கட்டிக்கறயா?”

“கவுறே போதுமுங்க” என்றார் அப்பாஸ். அவர் கண் சிவந்திருந்தது. படுதாவின் ஒரு முனை கையில் இருந்தது.

“பெரியப்பா, அது வேண்டாங்” என்றாள் கமலாத்தாள்.

“எது கண்ணு?”

“அந்தப் படுதா.”

நஞ்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பிரயாணம் பண்ணி வந்த அசதில பேசற. அக்கட்டால போயி உங்கம்மாகிட்ட உக்காரு.”

“அப்பாவுக்கு அதக் கட்டக்கூடாதுங்.”

“நல்லா இருக்குது கதை. இந்த ஊருல போன அத்தன பேரும் அதுக்கு முன்னால உக்காந்துட்டுத்தான் போனாங்க. வரஞ்சவனுக்கு இல்லீங்கறயா? பாக்கறவங்க உன்னயவா கேப்பாங்க? சொந்தத் தம்பிக்கு ஒரு படுதா கட்டலீன்னு என்னயத்தான் கேப்பாங்க.”

அவர் கேட்டது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்வதானால் அப்பாவின் வாழ்க்கை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. வெயிலேறும் முற்றத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை.

சென்னியப்பன் பிறந்தது கடலையும் பருத்தியும் விளைகிற மேட்டுக்காட்டில். வாய்க்கால் தண்ணீர் எட்டாத பூமி. எல்லாம் கிணறுதான். கோடையில் தண்ணீர் அடியில் போனதும் சேறு வாருவார்கள். சிறு உடம்புக்காரன் என்று சென்னியப்பனைக் கூடையில் உட்காரவைத்து இறக்குவார்கள். சேற்றை அள்ளிக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டு, கூடை திரும்பி வருகிற வரைக்கும் அவர் ஈரச் சேற்றில் மல்லாந்து படுத்துக் கிடப்பார். மேலே ஊரெல்லாம் காயும். கீழே குளிர்ந்திருக்கும். தலைக்கு நேராக வட்டமாக வானம் தெரியும்.

“உள்ள இருந்து பாத்தா வானமும் ஒரு கெணறுதான்” என்று பிற்பாடு அடிக்கடி சொல்வார். “அதுல இருந்து யாரோ நம்மள எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கும்.”

கூடை வந்தும் ஏறாமல் படுத்துக் கிடந்ததற்காக அண்ணன் நஞ்சப்பன் மேலிருந்து சாணி உருண்டையை எறிந்தாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

உழவில் அவருக்கு மனம் போகவில்லை. நாடகக் கொட்டகைக்கு சீன் எழுதுகிறவர்களோடு பொள்ளாச்சிப் பக்கம் சில வருஷம் திரிந்தார். திரும்பி வந்தபோது தூரிகை பிடிக்கவும் பெரிய துணியை மட்டமாக நிரப்பவும் தெரிந்திருந்தது. பழனாத்தாளைக் கட்டிவைத்தார்கள். அவர் பங்கு நிலத்தையும் அண்ணனே உழுது, வருஷத்துக்கு வேண்டிய தவசம் கொடுத்துவிடுவார். தம்பி உருப்படாதவன் என்று ஊரில் சொல்லிக்கொண்டே கொடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாஸ் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்தார். அவர் வாப்பா ஜவுளி வியாபாரி. மகனுக்கு ஜவுளி பிடிக்கவில்லை. பிடிக்காத வேலையை விட்டுவந்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்பாஸ் பழனாத்தாளை அக்கா என்றார். அதனால் சென்னியப்பன் மச்சான் ஆனார்.

படுதா எழுதுவது இப்படி. வாப்பாவின் கடையிலிருந்து காடாத் துணி வரும். அதை அகலத்துக்கு அகலம் சேர்த்துத் தைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வச்சிரப் பசையும் சாக்குக்கட்டித் தூளும் கலந்து பூசிக் காயவிட வேண்டும். காய்ந்தால் துணி தப்பட்டை மாதிரி ஒலிக்கும். அதன்மேல் சாயத்தூளைப் பசையில் கரைத்து எழுத வேண்டும். மற்ற ஊர்களில் படுதா எழுதுகிறவர்கள் கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல் என்று முடித்துவிடுவார்கள். படத்தில் அவ்வளவுதானே தெரியப் போகிறது. சென்னியப்பன் எல்லா நிறமும் போடுவார்.

“மச்சான், காமிராவுக்கு உங்க பச்சயும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. சாயத்தூள் வெல என்னாகுது?”

“காமிராவுக்குத் தெரியாட்டிப் போகுது. வந்து நிக்கறவனுக்குக் கண்ணில்லயா?”

ஸ்டூடியோச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஏதோ எஸ்டேட்டிலிருந்து வந்தது. பனிமலை, ஏரி, அடியில் சுவிட்சர்லாந்து என்று எழுத்து. அதைப் பார்த்து ஒரு படுதா எழுதச் சொன்னார் அப்பாஸ். சென்னியப்பன் பனியைக் கண்டதில்லை. வெடித்த பருத்திக் காட்டைக் கண்டிருந்தார். அதையே மலைமேல் ஏற்றினார். எல்லாம் எழுதி முடித்து, மலையின் அடியில் ஒரு கதவையும் வைத்தார். பாதி திறந்த மரக்கதவு. தாழ்ப்பாளோடு.

“கதவெதுக்கு மச்சான்?”

“உள்ள போறதுக்கு.”

“மலைக்குள்ளயா?”

“பின்ன? வெளிய அத்தன குளுரு.”

அப்பாஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கல்யாணம் ஆன ஜோடிகளுக்கு அந்தக் கதவு பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை மலையைப் பார்க்க, பெண் கதவுப் பக்கம் நிற்க, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் சுவிஸ் சென்னியப்பன் ஆனார். ஆனைகட்டியிலிருந்தும் போடியிலிருந்தும் ஸ்டூடியோக்காரர்கள் தேடி வந்து சுவிஸ் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதினார். ஒன்றைப் போல ஒன்று எழுதவில்லை. ஒரு ஏரியில் மீனுக்குப் பதில் குருவிகள் நீந்தின. இன்னொரு மலை எருமை மாதிரி படுத்திருந்தது. உற்றுப் பார்த்தால் அதன் காது தெரியும். ஸ்டூடியோக்காரர்கள் கண்டுபிடித்தாலும் சண்டை போடவில்லை. அந்த இடத்தில் ஜோடியை நிற்கவைத்து மறைத்துவிட்டார்கள்.

இடுக்கி மலையில் சக்குபள்ளத்தில் ஞானஜோதி என்பவருடைய ஸ்டூடியோவுக்கு ஒரு சுவிஸைக் கொண்டுபோகும்போது போடிமெட்டுச் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கேரளாவுக்கு அரிசி கடத்துகிற காலம். சுருட்டி வைத்திருந்த படுதா அவர்கள் கண்ணுக்கு அரிசி வைக்கத் தோதாகப் பட்டது. பிரிக்கச் சொன்னார்கள். சென்னியப்பன் ரோட்டின் குறுக்கே சுவிட்சர்லாந்தை விரித்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கிச் சுற்றி நின்றார்கள்.

“இந்தக் கதவுக்குள்ள என்னவே இருக்கு?” என்றார் ஒரு காவலர்.

“திறந்து பாத்துக்கோங்க சாமி” என்றார் சென்னியப்பன்.

இந்தக் கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது காவலர் குனிந்து கதவைத் தொட்டுப் பார்த்ததாகச் சேர்த்துக்கொள்வார். உண்மையா என்று தெரியாது.

1970இல் அவர் யாரும் கேட்காத ஒரு படுதாவை எழுதினார். வீட்டுக்குள் நடைச் சுவரில் இழுத்துக் கட்டி, மற்ற வேலைகளுக்கு நடுவில் மாதக்கணக்கில் எழுதினார். தரை முழுவதும் நீலம், ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தண்ணீர் மாதிரியான நீலம். வானம் முழுவதும் செம்மண். உழுது போட்ட சால்கூடத் தெரியும். அந்தச் செம்மண் வானத்தின் நடுவில், கல் கட்டிய கிணறு ஒன்று வாயைக் கீழ்ப்பக்கம் காட்டிக்கொண்டு தலைகீழாக இருந்தது. அதிலிருந்து ஒரு கயிறு இறங்கியது. கயிற்றின் நுனியில் தரையைத் தொடாமல் ஒரு குடம். ஆள் யாரும் இல்லை.

“இதுல யாருங்கப்பா நிப்பாங்க?” என்று கமலாத்தாள் கேட்டாள். அப்போது அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள்.

“யாரு வேண்ணாலும். கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி குளுகுளுன்னு இருக்கும்.”

அவர் எழுதியதிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான். அப்பாஸ் ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கட்டினார். வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவிஸ் கேட்டார்கள். அது சுருட்டி மூலையில் நின்றது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அரிசி மில்காரரின் அம்மா சாந்தம்மாள் காலமானாள். ஸ்டூடியோக் கூரை ஒழுகி மற்றப் படுதாக்கள் நனைந்து கிடந்தன. மூலையில் நின்றது மட்டும் காய்ந்திருந்தது. அப்பாஸ் அதை எடுத்துக்கொண்டு போனார்.

காமிராவில் அவர் வாங்கிப் போட்ட பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு அதைக் கழுவ முடிகிறது. சிவப்பு அதற்குக் கறுப்பு. நீலம் அதற்கு வெளுப்பு. சென்னியப்பனின் செம்மண் படத்தில் ராத்திரி வானம் ஆயிற்று. நீலத் தரை வெண்மேகம் ஆயிற்று. மேகத்தின் மேல் நாற்காலி போட்டு சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கயிறு அவள் தலைக்குமேல் இறங்கியிருந்தது. குடம் அவளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

மில்காரர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எங்கம்மா மேல போயிச் சேந்துட்டா. பாருங்க, கூட்டிட்டுப் போறதுக்குக் கவுறு வந்திருக்குது.”

ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் வேறு படுதாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றுப் படுதா சாவுப் படுதா ஆயிற்று. சாவுக்குக் கட்டியதை உயிரோடு இருப்பவர்களுக்குக் கட்ட முடியாது.

“அது மேலோகமில்ல, எங்க தோட்டத்துக் கெணறு” என்று சென்னியப்பன் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

“கெணறு எங்கியாச்சும் ஆகாசத்துல இருக்குமா சுவிஸு?” என்றார்கள்.

ஒருமுறை படுதாவைத் திருப்பி வாங்கி வந்து பரண்மேல் போட்டுவிட்டார். அந்த வாரமே பக்கத்து ஊரிலிருந்து கந்தப்பன் என்று ஒருவர் வந்து வாசலில் நின்றார். பிரசவத்தில் மகள் போய்விட்டாள். அவளைச் சும்மா ஒரு சுவருக்கு முன்னால் உட்காரவைக்க மனசு வரவில்லை என்றார். சென்னியப்பன் பரண்மேல் ஏறிப் படுதாவை எடுத்துக் கொடுத்தார்.

“சாவு ஊட்டுக்காரன் வாசல்ல வந்து நின்னா இல்லீன்னு எப்பிடிச் சொல்றது?” என்றார் பழனாத்தாளிடம். அதற்குப் பிறகு அது ஸ்டூடியோவிலேயே இருந்தது.

மெள்ள மெள்ள அவருக்கு வேலை நின்றது. சாவுப் படுதா எழுதிய கையால் எழுதிய சுவிஸுக்கு முன்னால் கல்யாணப் பெண்ணை யார் நிறுத்துவார்கள்? ஆனைகட்டிக்காரர் சொல்லாமலே நிறுத்திக்கொண்டார். சக்குபள்ளத்துக்குப் புதுப் படுதாவோடு போனபோது ஞானஜோதி டீ வாங்கிக் கொடுத்து, நேரே சொல்லிவிட்டார்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. எஸ்டேட்டுல ஒரு பய உங்க பக்கம் பொண்ணு கட்டியிருக்கான். அவன் வந்து எல்லார்ட்டயும் சொல்லிட்டான், இது சாவுக்கு எழுதுற கைன்னு. இப்ப ஒரு ஜோடி உள்ள வரமாட்டேங்குது. நான் என்ன செய்ய?”

“அது சாவுக்கு எழுதுனதில்லீங்க.”

“எனக்குத் தெரியுது. அவுகளுக்குத் தெரியணுமே அண்ணாச்சி.”

படுதாவைச் சுமந்துகொண்டு அதே போடிமெட்டு வழியாகத் திரும்பினார். இந்த முறை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு ரேஷன் கடை போர்டு, தேர்தல் சுவர், மாட்டுக் கொம்புக்கு வர்ணம் என்று கிடைத்ததைச் செய்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தம் வேறு ஒன்றில். அந்தப் படுதாவுக்கு முன்னால் உயிரோடு ஒருத்தராவது நிற்க வேண்டும். ஒரே ஒருத்தர். ஒரு படம் இருந்தால் போதும், காட்டிவிடலாம்: இதோ பார், நின்றான், நன்றாகத்தான் இருக்கிறான்.

நிற்பவருக்குப் படம் இலவசம் என்று அப்பாஸை அறிவிக்க வைத்தார். யாரும் வரவில்லை. கள்ளுக்கடையில் மாரப்பன் என்ற வண்டிக்காரரைப் பிடித்து ஒரு மத்தியானம் சம்மதிக்க வைத்தார்கள். மாரப்பன் வந்து மீசையை முறுக்கிக்கொண்டு நின்றும்விட்டார். அப்பாஸ் காமிராவுக்கு மேல் கறுப்புத் துணியை எடுத்துப் போடுவதற்குள் மாரப்பனின் சம்சாரம் நாச்சம்மாள் விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள்.

“ஏனுங் சுவிஸுக்காரரே, உங்க படத்துக்கு என்ற தாலிதான் கெடச்சுதா? அவ்வளவு ஆசைன்னா நீங்க போயி நில்லுங்க!”

சென்னியப்பன் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “அந்தம்மா சொல்றதும் செரிதான். நானே நின்னுக்கறேன்” என்றார்.

பழனாத்தாள் அடுப்பிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவர் கையைப் பிடித்துத் தன் தாலிமேல் வைத்தாள்.

“நிக்கமாட்டேன்னு சொல்லுங்க. நீங்களும் நிக்கக்கூடாது, புள்ளயையும் நிறுத்தக்கூடாது.”

“அட, துணிதானே அது.”

“துணியாவே இருக்கட்டும். சொல்லுங்க.”

சொன்னார். சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றினார். கமலாத்தாள் பாலிடெக்னிக் முடித்து மலைக்கு வேலைக்குப் போன பிறகு, லீவில் வரும்போதெல்லாம் அப்பா யாரையாவது சம்மதிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். வழியோடு போகிற கழைக்கூத்தாடியிடம்கூடக் கேட்டார். கழைக்கூத்தாடி படுதாவைப் பார்த்து, கயிறு நல்ல கயிறு, ஆனால் கட்டியிருக்கிற இடம் சரியில்லை என்றானாம்.

போன பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது அப்பா சொன்னார்: “அம்மிணி, எனக்கு அதக் கட்டீராதீங்க. நானும் அதுல செத்துப்போயி உக்காந்தன்னா அவங்க சொல்றதே முடிவாயிரும்.”

அவள் சரி என்றாள். வேறு பேச்சு பேசினார்கள். அவ்வளவு சீக்கிரம் அதற்கு வேலை வரும் என்று அவள் நினைக்கவில்லை.

இப்போது முற்றத்தில் அப்பாஸ் படுதாவின் முனையைப் பிடித்தபடி நின்றார். நஞ்சப்பன் கயிற்றை வாங்கக் கையை நீட்டினார்.

“கண்ணு” என்று பழனாத்தாள் கூப்பிட்டாள்.

பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து அவள் நிலைவாசலுக்கு வந்திருந்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. அது முறையில்லை. அன்றும் பேசவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னாள். முற்றம் முழுவதும் கேட்டது.

“உங்க பெரியப்பங்கிட்டச் சொல்லு. அந்தப் படுதாவுக்கு முன்னால உசுரோட ஒருத்தரு நிக்கோணும்னு உங்கப்பன் கெஞ்சிக் கெஞ்சிப் போயிட்டாரு. நானுந்தான் விடல. செத்த ஒடம்ப அதுல உக்கார வெச்சா அவரச் சாவுக்கு எழுதுனவருன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. கட்ட வேண்டாம்னு சொல்லு.”

கமலாத்தாள் திரும்பச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நஞ்சப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்தார்.

“அப்ப தலைய யாரு புடிக்கறது?” என்றார். குரல் இறங்கியிருந்தது. “படுதா இல்லீன்னா புடிக்கறவங்க தெரிவாங்களே அப்பாஸு?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சா தெரியட்டுங். வேற துணியும் வேண்டாங். நான் புடிக்கறேனுங்” என்றாள் கமலாத்தாள்.

வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். நஞ்சப்பன் தானே துண்டை வாங்கி இடுப்பைக் கட்டினார். இறுக்கிவிட்டு, வலிக்கும் என்பதுபோல் சற்றுத் தளர்த்தினார். கமலாத்தாள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அப்பாவின் தலையை இரண்டு கையாலும் ஏந்தினாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. காதோரத்தில் முடி மிருதுவாக இருந்தது. அசையக்கூடாது என்று அப்பாஸ் சொன்னார். அவள் அசையவில்லை. படத்தில் சென்னியப்பன் இருக்கிறார். அவர் கன்னத்தின் இரண்டு பக்கமும் அவள் விரல்கள் தெளிவாக இருக்கின்றன. மேலே அவள் முகம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடிக்கிறவர் தெரிகிற சாவுப் படம் அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் உடலை எடுத்துவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. அவள் வாசல் வரை போய் நின்றாள்.

கருமாதி முடிந்ததும் கமலாத்தாள் மலைக்குத் திரும்ப வேண்டும். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பழனாத்தாளும் வெள்ளைப் புடவையோடு கூடவே வாசல் இறங்கினாள்.

“எங்க வர்றீங்ம்மா?”

“கடவீதிக்கு.”

புருஷன் போன பெண் அத்தனை சீக்கிரம் வெளியே வருவதில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடந்து அப்பாஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். அப்பாஸ் பதறி எழுந்தார்.

“அக்கா! சொல்லியனுப்பிச்சா நான் வந்திருக்க மாட்டனா?”

“படுதாவக் கட்டு தம்பி.”

அவருக்கு எந்தப் படுதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “வேண்டாங்க்கா” என்றார். “மச்சானே போயிட்டாரு. இதுல நின்னு உங்களுக்கு ஒண்ணுன்னா இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“நான் கேக்கமாட்டனுங் மாமா” என்றாள் கமலாத்தாள். அவளே மூலைக்குப் போய்ப் படுதாவை எடுத்தாள். ஒரு முனையைத் தான் கட்டினாள். மறுமுனையை அப்பாஸ் கட்டும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாஸ் பழக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நாக்காலி வேண்டாம். அவரு நிக்கோணும்னுதான சொன்னாரு.”

பழனாத்தாள் படுதாவுக்கு முன்னால் போனாள். போனவள் முதலில் படுதாவைத்தான் பார்த்தாள். வீட்டு நடையில் மாதக்கணக்கில் கட்டியிருந்தபோது அதன் அடியில் அவள் பெருக்கியிருக்கிறாள், நின்று பார்த்ததில்லை. செம்மண்ணைப் பார்த்தாள். உழுத சால்களைப் பார்த்தாள். கயிற்றை மேலிருந்து கீழே கண்ணால் தொடர்ந்தாள்.

“கொடத்துல தண்ணியிருக்குதா?”

“தெரியலீங்ம்மா” என்றாள் கமலாத்தாள்.

“இருக்குது. பாரு, கவுறு வெறப்பா நிக்குது. வெறுங்கொடமா இருந்தா இப்பிடியா நிக்கும்?” சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொங்கவிட்டாள்.

அப்பாஸ் கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பிலிமைச் செருகினார். அந்த பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், நேரமும் வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். மூடியைத் திரும்ப மாட்டியதும் அவர் முகம் மாறியது.

“அக்கா, கண்ண மூடிட்டீங்க.”

“மூடக்கூடாதா?”

“கூடாதுங்க்கா. நாந்தான் முதல்லயே சொல்லியிருக்கோணும்.” அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “இந்தப் படுதாவுக்கு முன்னால யாருக்கும் அதச் சொல்லிப் பழக்கமில்ல.”

“மூடுனா என்ன?” என்றாள் பழனாத்தாள். “தொறந்துட்டனல்ல.”

அப்பாஸ் அடுத்த பிலிமை எடுத்தார்.